ரோமானியத் தொன்மங்களிலிருந்து சிறார் கதை எழுதுதல்

ரோமானியத் தொன்மங்களிலிருந்து சிறார் கதை எழுதுதல் என்பது, பண்டைய ரோமாபுரி மக்களிடம் வழங்கிய கடவுளர் கதைகள், வீரர் கதைகள், உருமாற்றக் கதைகள் ஆகியவற்றைக் கேட்கும் குழந்தைகள், அவற்றின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தம் ஊரையும் தம் வீட்டு மனிதர்களையும் வைத்துப் புதிய கதை எழுதப் பழகும் வகுப்பறைப் பயிற்சி ஆகும். 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு, அதாவது ஏறத்தாழ 8 முதல் 10 வயதினருக்கு, இது ஏற்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அப்பயிற்சியை விளக்குகிறது.

ரோமாபுரியின் வரலாற்றைக் கற்பிப்பது இப்பயிற்சியின் நோக்கமன்று. "எழுது" என்றவுடன் பாடநூலைப் பார்த்து எழுதும் குழந்தையை, தன் சொந்த வாக்கியத்தைத் தானே உருவாக்கும் குழந்தையாக மாற்றுவதே நோக்கம். தொலைதூரக் கதை அதற்கு ஒரு கைப்பிடி. எழுதப்படும் பொருள் குழந்தையின் ஊரிலிருந்தே வர வேண்டும்.

தொன்மம் என்றால் என்ன?

ஒரு சமூகம் தன் தோற்றம், இயற்கை, சடங்கு, உறவு ஆகியவற்றைப் பற்றி எழும் கேள்விகளுக்குக் கதை வடிவில் சொல்லிவைத்த விடையைத் தொன்மம் என்கிறோம். 'இந்த ஊர் எப்படி வந்தது?', 'சிலந்தி ஏன் வலை பின்னுகிறது?', 'ஆண்டில் சில மாதங்கள் ஏன் நிலம் காய்ந்து கிடக்கிறது?' என்பவை போன்ற கேள்விகள் எல்லா நாட்டிலும் உண்டு. விடைதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

ஒவ்வொரு தொன்மத்துக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது என்பதைக் குழந்தைகள் புரிந்துகொண்டால் போதும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு புது விடை எழுதுவதே பயிற்சி. பெயரை மட்டும் மாற்றி, ஜூபிடருக்குப் பதில் இந்திரன் என்று எழுதுவது நகலெடுத்தலே ஆகும்.

ரோமானியக் கதைகள் எதற்கு?

நம் கதைகள் இருக்க ரோமானியக் கதைகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, தொலைவு தரும் துணிவு. இராமாயணக் கதையையோ குலசாமி கதையையோ மாற்றி எழுதச் சொன்னால் குழந்தை தயங்கும். வீட்டிலும் கேள்வி வரும். யாருடைய வழிபாட்டிலும் இன்று இல்லாத ஜூபிடரையும் மெர்க்குரியையும் மாற்றி எழுத அத்தயக்கம் இராது.

இரண்டாவது, ரோமானியப் பெயர்கள் குழந்தைக்கு ஏற்கெனவே பாதி தெரிந்தவை. ஆண்டின் முதல் மாதமாகிய ஜனவரி, வாயில்களின் கடவுளான ஜேனசின் பெயரால் வந்தது. மார்ச் மாதம் போர்க்கடவுளான மார்சின் பெயர். கிழமைகளைப் பார்த்தால் இன்னும் வியப்பு: இலத்தீன் மொழியில் மார்ஸ், மெர்க்குரி, ஜூபிடர், வீனஸ், சாட்டர்ன் ஆகியோரின் நாள்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசையில்தான் நமக்குச் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி வருகின்றன. பெயர் வேறு, கதை வேறு. வானத்தில் தெரியும் கோள்கள் அதே ஐந்து. கரும்பலகையில் இரு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 10 நிமிடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

மூன்றாவது, ரோமாபுரி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோமானிய உலகத்தோடு நடந்த வணிகத்தை வெளிக்காட்டியது. தமிழகத்தின் பல இடங்களில் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. சங்கப் பாடல்களில் வரும் 'யவனர்' என்ற சொல் மேற்கிலிருந்து வந்த கிரேக்க, ரோமானிய வணிகர்களைக் குறிக்கும். மிளகு வாங்க வந்தவர்களின் கதை என்று சொன்னால் குழந்தைகள் காது கொடுப்பார்கள்.

களம்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்குகிறது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய கல்வராயன் மலை உள்ளது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் அழைக்கப்படுகிறது. மலையின் மற்றொரு பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கும். கோமுகி ஆறு இம்மலையில்தான் பிறக்கிறது. வெள்ளிமலை இதன் முக்கிய ஊர். சாமை, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன் ஆகியவை குழந்தைகளுக்குத் தெரிந்த பொருள்கள்.

மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. கேரளத்து மலையாளத்தோடு தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. இவர்களிடம் ஒரு தோற்றக் கதை வழங்குகிறது: காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்பது அதன் சுருக்கம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இக்கதை பதிவாகியுள்ளது. எந்தச் சகோதரர் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவருக்கு ஏற்ப மாறும்.

ரோமாபுரியின் தோற்றக் கதையும் சகோதரர் கதைதான், மலைக் கதைதான். எனவே இப்பயிற்சிக்குக் கல்வராயன் மலையை விடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

வகுப்புக்கு ஏற்ற ஐந்து கதைகள்

1. ஜேனசின் இரு முகங்கள். ஜேனசுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முகங்கள். ஒன்று வெளியே பார்க்கும், மற்றது உள்ளே பார்க்கும். எழுதத் தொடங்கும் குழந்தைக்கு இதுவே எளிய வாசல். "உங்கள் வீட்டு நிலைவாசலுக்கு இரண்டு முகம் இருந்தால், வெளி முகம் எதைப் பார்க்கும்? உள் முகம் எதைப் பார்க்கும்? இரண்டும் இரவில் என்ன பேசிக்கொள்ளும்?" என்று கேட்டால் ஆறேழு வாக்கியங்கள் தாமாக வந்துவிடும்.

2. ரோமுலசும் ரீமசும். கொடுங்கோல் மன்னன் அமூலியஸ், இரட்டைக் குழந்தைகளை ஆற்றில் விடச் சொல்கிறான். டைபர் ஆற்றங்கரையில் ஒதுங்கிய அவர்களுக்கு ஒரு பெண் ஓநாய் பால் கொடுக்கிறது. மரங்கொத்தி இரை கொண்டுவருகிறது. ஃபாஸ்டுலஸ் என்ற இடையர் எடுத்து வளர்க்கிறார். பெரியவர்களான பின் ஊர் அமைக்க இடம் தேடும்போது சண்டை வருகிறது. ரீமஸ் முதலில் 6 கழுகுகளைக் காண்கிறான். ரோமுலஸ் பிறகு 12 கழுகுகளைக் காண்கிறான். முதலில் கண்டவர் பெரியவரா, கூடுதலாகக் கண்டவர் பெரியவரா? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிடச் செய்ய இதைவிட நல்ல கேள்வி இல்லை. ரோமாபுரி அமைந்ததாக மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 753.

3. பாசிசும் ஃபிலமோனும். ஜூபிடரும் மெர்க்குரியும் வழிப்போக்கர் வேடத்தில் வருகிறார்கள். ஊரே கதவடைக்கிறது. ஏழை முதிய தம்பதியர் மட்டும் இருப்பதைப் பகிர்கிறார்கள். கிண்ணத்தில் ஊற்ற ஊற்ற பானம் குறையவில்லை. கடைசியில் அத்தம்பதியர் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரு மரங்களாகிறார்கள். நம் ஊர் மேடைகளில் அரசும் வேம்பும் இணைந்து நிற்பதையும் அவற்றுக்குத் திருமணம் செய்துவைப்பதையும் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். "அந்த இரண்டு மரமும் முன்பு யாராக இருந்தன?" என்பதே எழுத்துக்கான கேள்வி.

4. அராக்னி. நெசவில் தன்னை மிஞ்ச யாருமில்லை என்ற அராக்னி, கைத்தொழில் தெய்வமான மினர்வாவோடு போட்டியிட்டுச் சிலந்தியாகிறாள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் கொட்டாப்புளியும் அறிந்த வீட்டுக் குழந்தை, கர்வம் கொண்ட ஒரு சிற்பியை எழுதட்டும். அவர் என்னவாக மாறுவார்? பெரும்பாலும் 'மரங்கொத்தி' என்ற விடை வரும். ரோமானியக் கதைகளிலும் பைக்கஸ் என்ற மன்னன் மரங்கொத்தியாக மாறியதாக ஒரு கதை உண்டு; அதைப் பிறகு சொன்னால் குழந்தைக்குப் பெருமை தாங்காது.

5. சீரிசும் புரோசர்பினாவும். தானியங்களின் தாய் சீரிஸ். அவள் மகளைப் பாதாள அரசன் புளூட்டோ கொண்டுபோகிறான். தாய் தேடித் திரிகிறாள்; நிலம் விளைய மறுக்கிறது. பாதாளத்தில் மாதுளை விதைகளைத் தின்றுவிட்டதால் மகள் ஆண்டில் பாதிநாள் அங்கே, பாதிநாள் தாயிடம் என்று முடிவாகிறது. அவள் திரும்பும்போது நிலம் பசுமையாகிறது. தானியங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'சீரியல்' இந்தத் தாயின் பெயரிலிருந்து வந்ததே.

மூன்றாவது முதல் ஐந்தாவது வரையுள்ள கதைகள் ஓவிட் என்ற கவிஞரின் 'மெட்டமார்ஃபோசிஸ்' நூலில் உள்ளன. 15 பகுதிகள் கொண்ட அந்நூல் ஏறத்தாழ கி.பி. 8-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கிரேக்கக் கதைகள் பலவற்றை ரோமானியர் எடுத்துக்கொண்டதால், இதே கதைகளை வேறு நூலில் படிக்கும் மாணவர் ஜூபிடரை சியூஸ் என்றும் சீரிசை டிமீட்டர் என்றும் காணலாம்.

வரைவு எழுதும் முறை

ஒரு கதைக்கு ஐந்து பாடவேளைகள் ஒதுக்கலாம். இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளியில், மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் அமர்ந்திருந்தாலும் இதை நடத்தலாம்.

முதல் வேளை, கேட்டல். ஆசிரியர் நூலைப் பார்க்காமல் கதையைச் சொல்ல வேண்டும். ஒருமுறை முழுமையாக, மறுமுறை குழந்தைகள் இடையிட்டுச் சொல்லும்படியாக. அன்று எழுத்து வேலை வேண்டாம்.

இரண்டாம் வேளை, கேள்வியைக் கண்டுபிடித்தல். "இந்தக் கதை எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று கேட்க வேண்டும். குழந்தைகள் சொல்லும் எல்லாவற்றையும் பலகையில் எழுதி, அவற்றில் ஒன்றைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். பிறகு மாற்றுப் பட்டியல்: டைபர் ஆற்றுக்குப் பதில் எந்த ஆறு? ஓநாய்க்குப் பதில் எந்த விலங்கு? இடையருக்குப் பதில் யார்? கோமுகி, கரடி, தேனெடுப்பவர் என்று வரும்போது கதை ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாம் வேளை, படமும் பேச்சும். தாளை நான்காக மடித்து நான்கு படங்கள்: யார், என்ன தேவை, என்ன தடை, கடைசியில் எது மாறியது. படத்தைக் காட்டிப் பக்கத்துக் குழந்தைக்குக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத கதையை எழுதவும் முடியாது.

நான்காம் வேளை, முதல் வரைவு. இது ரஃப் நோட்டில்தான். அழிக்க ரப்பர் வேண்டாம். பிடிக்காததை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். பேசுவதைப் போலவே எழுதலாம். எழுதத் திணறும் குழந்தை சொல்ல, ஆசிரியரோ மூத்த மாணவரோ எழுதித் தரலாம்; கடைசி வாக்கியத்தையாவது அக்குழந்தையே எழுத வேண்டும்.

ஐந்தாம் வேளை, படித்துக் காட்டித் திருத்துதல். குழந்தை உரக்கப் படிக்கும். கேட்பவர்கள் இரண்டு செய்தி மட்டும் சொல்வார்கள்: பிடித்த ஓரிடம், புரியாத ஓரிடம். ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்கு விடையாக எழுதப்படுவதே இரண்டாம் வரைவு.

ஓர் எடுத்துக்காட்டு

4-ஆம் வகுப்புக் குழந்தையின் முதல் வரைவு இப்படி அமையலாம்:

"ஒரு பாப்பா ஆத்துல வந்துச்சு. கரடி பாத்துச்சு. கரடி தூக்கிட்டுப் போச்சு. பால் குடுத்துச்சு. பாப்பா பெரிசாச்சு. ஊர் கட்டுச்சு."

பல ஆசிரியர்கள் இங்கே சிவப்பு மையை எடுத்து 'ஆற்றில்', 'பார்த்தது' என்று திருத்துவார்கள். அப்படிச் செய்தால் குழந்தை அடுத்த முறை மூன்று வாக்கியத்தோடு நிறுத்திவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "கரடி ஏன் பாப்பாவை ஒன்றும் செய்யவில்லை?" ரோமானியக் கதையில் ஓநாய்க்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. குழந்தைதான் காரணம் தேட வேண்டும். இரண்டாம் வரைவு இப்படி வளரலாம்:

"கோமுகி ஆற்றில் ஒரு முறம் மிதந்து வந்தது. அதில் ஒரு பாப்பா இருந்தது. கரடி தண்ணி குடிக்க வந்தது. அந்தக் கரடியின் குட்டி போன மழையில் வெள்ளத்தோடு போய்விட்டது. அதனால் ஆற்றில் எது வந்தாலும் அது ஓடிப் போய்ப் பார்க்கும். முறத்தை வாயால் இழுத்தது. குட்டி இல்லை, பாப்பா. ஆனாலும் திரும்ப விடவில்லை."

கதை நீண்டிருப்பது பெரிதன்று. கரடிக்கு ஒரு மனம் வந்திருக்கிறது. எழுத்துப்பிழைகள் இன்னும் இருக்கலாம். அவற்றை ஃபேர் நோட்டில் எழுதும்போது இருவருமாகப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும்

மலைக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சில் பாடநூலில் இல்லாத சொற்கள் பல உண்டு. விதைப்பு, அறுவடை, காட்டுக்கிழங்கு, தேனடை, பறவை இவை பற்றிய சொற்கள் அவை. வரைவில் அவற்றை மாற்றக் கூடாது. புரியாவிட்டால் ஆசிரியர் குழந்தையிடம் பொருள் கேட்டு, வகுப்பறைச் சுவரில் ஒட்டும் சொற்பட்டியலில் சேர்க்கலாம். ஆசிரியருக்குத் தெரியாத சொல் தன்னிடம் இருக்கிறது என்று அறியும் குழந்தைக்கு எழுதத் துணிவு வரும். பொதுவான பொழிப்பு நடைக்கு எழுத்துத்தமிழும், பாத்திரங்கள் பேசும் இடத்துக்குப் பேச்சுத்தமிழும் என்று 5-ஆம் வகுப்பில் வேறுபடுத்திக் காட்டினால் போதும்.

கவனிக்க வேண்டியவை

பிரிவைத் தொடும் கதைகள்: கல்வராயன் மலையிலிருந்து பல குடும்பங்கள் காபி, மிளகுத் தோட்ட வேலைக்காகக் கேரளம், கர்நாடகம் எனப் பருவத்துக்குப் போய்வருவது உண்டு. அப்போது குழந்தைகள் தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ இருப்பார்கள். புரோசர்பினா கதையில் பிரிந்து போவது மகள்; இங்கே பிரிந்து போவது தாயும் தந்தையும். இக்கதையைச் சொல்லும்போது சில குழந்தைகள் சட்டென அமைதியாகிவிடுவார்கள். "உன் அம்மாவைப் பற்றி எழுது" என்று அவர்களிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது. "சீரிஸ் காத்திருந்த நாள்களில் என்ன செய்தாள்?" என்று கேட்டால் போதும். சொல்ல விரும்புவதைக் குழந்தை சீரிசின் பெயரால் எழுதும். அப்படி எழுதியதை வகுப்பில் படிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. கதைக்குப் பின்னால் நின்று உண்மையைச் சொல்ல முடிவது தொன்மத்தின் பெரிய உதவி.

வன்முறை: ரோமுலசின் மதிலை ரீமஸ் கேலியாகத் தாண்டியதால் கொல்லப்பட்டான் என்ற முடிவை மறைக்க வேண்டியதில்லை, விவரிக்கவும் வேண்டியதில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியே, கூட்டச் சண்டையில் ரீமஸ் இறந்தான் என்றும், மதிலைத் தாண்டியதற்காக ரோமுலஸ் கொன்றான் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார். பழையவர்களுக்கே இரண்டு முடிவு இருந்தது என்றால் குழந்தைகள் மூன்றாவது முடிவை எழுதலாம். ஓவிட் நூலின் பல கதைகள் சிறாருக்கு உரியவையல்ல. ஆசிரியர் முழுமையாகப் படித்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சமூகத்தின் கதைகள்: மூன்று சகோதரர் கதையை மலையாளி மக்கள் தம் முன்னோர் வரலாறாகக் கருதுகிறார்கள். அதை ஜூபிடர் கதைபோல மாற்றி எழுதும் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது. மாறாக, ரோமுலஸ் கதை முடிந்த பிறகு, குழந்தைகள் வீட்டுப் பெரியவர்களிடம் அக்கதையைக் கேட்டு, சொன்னபடியே எழுதிவரலாம். "எங்க தாத்தா சொன்னது" என்று தலைப்பிட்டு, சொன்னவர் யார், எந்த ஊர் என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதிவந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். ரோமானியக் கதையில் ஒரே இடத்துக்கு இருவர் போட்டியிடுகிறார்கள். மலைக் கதையில் மூவர் ஆளுக்கொரு மலைக்குப் பிரிகிறார்கள். இந்த வேறுபாட்டைக் குழந்தைகளே கண்டு சொல்வார்கள்.

மதிப்பீடு

மதிப்பெண் வேண்டாம். மூன்று கேள்விகளால் வளர்ச்சியைப் பார்க்கலாம்: குழந்தைக்கே உரிய ஒரு விவரமாவது கதையில் இருக்கிறதா? ஒரு நிகழ்வுக்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா? முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையே குழந்தை தானாக ஏதாவது மாற்றியிருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஆண்டுக்கு முன்னேற்றம்தான். இரண்டு வரைவுகளையும் சேர்த்தே கோப்பில் வைக்க வேண்டும். ஃபேர் நோட்டை மட்டும் பார்க்கும் பெற்றோருக்கும் அதிகாரிக்கும் குழந்தை கடந்துவந்த தூரம் தெரியாது.

எழுதிய கதைகளுக்கு வாசகர் வேண்டும். நான்கு தாள்களை மடித்து நூலால் தைத்த கையெழுத்துப் பிரதி, காலை வணக்கக் கூட்டத்தில் வாசிப்பு, கீழ்வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை சொல்லல் ஆகியவை செலவில்லாத வழிகள். பள்ளிக் கல்வித் துறை 2022-இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில் குழந்தைகளின் படைப்புகளும் இடம்பெறுகின்றன. அனுப்புமுன், கதையில் வரும் வீட்டுச் செய்திகளை வெளியிடலாமா என்று அந்தக் குழந்தையிடமும் வீட்டாரிடமும் கேட்டுக்கொள்வது முறை.